‘இல்லை’ என்று எழுதிக்கொடுத்த தலைவலி

“உங்க பெரியம்மாவுக்கு எத்தனை வருஷமா தலைவலி இருக்கு?”

நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் மின் இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. பதினோரு வருடமாகப் பெரியம்மாவுடன் ஒரே வீட்டில் இருக்கிறேன். அவர் எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவார், சோற்றில் பார்லி கொஞ்சம் கூடினால் எப்படி முகத்தைச் சுளிப்பார், யார் வீட்டு விசேஷத்துக்கு எதற்காகப் போகமாட்டார் என்பதெல்லாம் தெரியும். இது மட்டும் தெரியவில்லை. டாக்டரின் திரையில் பெரியம்மாவின் மண்டை குறுக்காக வெட்டிய பழம் போல இருந்தது. அதன் நடுவே, கறுப்பாக இருக்க வேண்டிய ஒரு சிறிய இடம் சாம்பல் நிறத்தில் அடைத்துக் கிடந்தது. இன்னும் தள்ளிப்போட்டால் இடது கண் போய்விடலாம் என்று அவர் சற்று முன்புதான் சொல்லியிருந்தார்.

“அவளுக்கு என்ன தெரியும்? சின்னப் பொண்ணு. எனக்குத் தலைவலியே கிடையாது” என்றார் பெரியம்மா.

இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு சொன்னார். பொத்தாவிட்டால் அவருக்கு இரண்டு டாக்டர்கள் தெரிந்தார்கள்.

பெரியம்மாவின் முழுப்பெயர் ஹியோன் மல்சுன். வயது அறுபத்தொன்பது. அம்மாவுக்கு மூத்தவர். அம்மா பூசான் நகரத்துக்குத் தையல் வேலைக்குப் போனபோது எனக்கு எட்டு வயது. அதிலிருந்து ஜேஜு தீவில், தோல்கே என்ற எங்கள் ஊரில், பெரியம்மாதான் என்னை வளர்த்தார். பெரியப்பா கணவாய் மீன் பிடிக்கும் படகில் போனவர், திரும்பவில்லை. அவர்களுடைய பிள்ளைகள் இரண்டு பேரும் தலைநகர் சியோலில் இருக்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு முறை வந்து, ஆரஞ்சுப் பெட்டிகளோடு போவார்கள்.

எங்கள் ஊரில் சங்கு குளிக்கும் பெண்கள் முப்பத்தொரு பேர். பெரியம்மா பதினாலு வயதில் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். மூச்சை அடக்கி ஆறு ஆள் ஆழம் இறங்குவார். பாறை இடுக்கில் ஒட்டியிருக்கும் சங்கை இரும்பால் நெம்பி எடுத்துக்கொண்டு மேலே வருவார். சீழ்க்கை போல ஒரு சத்தத்துடன் மூச்சை விடுவார். மிதவையில் கட்டிய வலைப்பைக்குள் சங்கைப் போட்டுவிட்டு மறுபடி இறங்குவார். ஒரு நாளைக்கு நூறு தடவை, சில நாள் அதற்கும் மேல். மூத்தவன் எட்டு மாதம் வயிற்றில் இருந்தபோதும் இறங்கினாராம். “அவன் உள்ளயே நீச்சல் கத்துக்கிட்டான். அதான் இப்ப குளிக்கக்கூடச் சோம்பேறியா இருக்கான்” என்பார்.

இத்தனை தடவை ஏறி இறங்கினால் தலை வலிக்கத்தான் செய்யும். எங்கள் ஊரில் அது ஒரு செய்தியே இல்லை. கடலில் இறங்குமுன் பெண்கள் உடைமாற்றும் கூடத்தில் கூடுவார்கள். ரப்பர் உடையை மாட்டுவார்கள், ஈயக் கட்டிகளை இடுப்பில் கட்டுவார்கள், முகமூடிக் கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க மாசிபத்திரித் தழையால் தேய்ப்பார்கள். அதோடு சேர்த்து, தலைவலிப் பொடிப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து நாக்கில் கொட்டித் தண்ணீர் குடிப்பார்கள். தழையால் தேய்ப்பது எப்படியோ அப்படித்தான் பொடியும். வலி வந்த பிறகு சாப்பிடுவதில்லை. வரப்போகிறது என்று முன்கூட்டியே சாப்பிடுவது. பெரியம்மா காலையில் இரண்டு பொட்டலம், கரையேறியதும் ஒன்று, படுக்கப் போகுமுன் ஒன்று.

ஒவ்வொரு வசந்த காலத்திலும் மருத்துவப் பரிசோதனைக்கு முன்னால் ஒரு படிவம் வரும். எழுத்து பொடிப்பொடியாக இருக்கும். நான்தான் வாசித்துக் குறிப்பேன். போன வருடமும் அப்படித்தான்.

“தலைவலி உண்டா?”

“இல்ல.”

“மூக்கடைப்பு, மூக்கு ஒழுகுதல்?”

பெரியம்மா சத்தமாக ஒரு தடவை மூக்கை உள்ளே இழுத்துவிட்டு, “இல்ல” என்றார்.

“தொடர்ந்து சாப்பிடும் மருந்து?”

“ஒண்ணும் கிடையாது. சீக்கிரம் எழுது, நீர் வத்துது.”

அப்போது அவர் நாக்கில் பொடியின் வெள்ளை இன்னும் போகவில்லை. நான் மூன்று இடத்திலும் ‘இல்லை’ என்று குறித்தேன். அவர் பொய் சொன்னதாக நான் இப்போதும் நினைக்கவில்லை. தலைவலி என்றால், நகரத்துப் பெண்கள் திரையை இழுத்துவிட்டுப் படுத்துக்கொள்வார்களே, அதுதான் அவருக்கு. எழுந்து வேலைக்குப் போக முடிகிறது என்றால் அது வலியில் சேராது. மருந்து என்றால் டாக்டர் எழுதிக்கொடுப்பது. துறைமுகக் கடையில் மிட்டாய் டப்பாவுக்குப் பக்கத்தில் விற்பது மருந்து இல்லை.

இங்கே எங்கள் ஊர் சங்கு குளிப்போர் சங்கத்தின் இரண்டு விதிகளைச் சொல்லியாக வேண்டும். முதல் விதி பழையது. வருடத்தில் அறுபது நாளாவது கடலில் இறங்கியவர்களுக்குத்தான் அடுத்த வருடம் சங்கு குளிக்கும் உரிமை. இரண்டாவது விதி புதியது. போன வருடத்துக்கு முந்தைய வருடம் ஓக்சு என்ற எழுபத்து நாலு வயதுப் பெண் இறங்கியவர் மேலே வரவில்லை. அதற்குப் பிறகு சங்கத்தின் தலைவி யோங்சிம் அத்தை கூடத்தின் சுவரில் எழுதி ஒட்டினார்: உடம்பு சரியில்லை என்று சொன்னவர், டாக்டர் சீட்டு கொண்டுவரும்வரை இறங்கக் கூடாது. ஓக்சுவின் உடலைத் தன் கையால் கரைக்கு இழுத்து வந்தவர் யோங்சிம் அத்தைதான். நல்ல எண்ணத்தில்தான் போட்டார். ஆனால் இரண்டு விதியும் சேர்ந்தபோது நடந்தது வேறு. சொன்னால் கணக்கில் நாள் குறையும். அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை.

போன செப்டம்பர் கடைசியில் நாற்றம் தொடங்கியது.

“ஹேரின்! எதைடி கொன்னு எங்க போட்டிருக்க?”

“எனக்கு ஒண்ணும் வரலையே பெரியம்மா.”

“உன் மூக்குல மெழுகா ஊத்தியிருக்கு? மீன் அழுகுன நாத்தம். அதைவிடவும் மோசம்.”

குளிர்ப்பெட்டியைக் காலி செய்து வெந்நீரில் கழுவினார். என் காலணிகளை வெளியே எறிந்தார். கடைசியில், மூன்று வருடமாகப் பக்குவப்படுத்திய நெத்திலி ஊறல் ஒரு ஜாடி நிறைய இருந்ததை வேலிக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டினார். அந்த நேரம் பார்த்துக் கும்ஜா சித்தி வந்தார். அவர் பெரியம்மாவைவிட ஐந்து வயது இளையவர், கடலில் எப்போதும் பெரியம்மாவுக்குப் பக்கத்து மிதவை. ஜாடியில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நக்கிப் பார்த்தார்.

“அடப்பாவி அக்கா! தேனாட்டம் இருக்கு. இதையா கொட்டின?”

“அழுகிப்போச்சுடி.”

“இது அழுகல. உன் மூக்குதான் அழுகிப்போச்சு.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று கும்ஜா சித்தி சொன்னதுதான் சரியான நோயறிதல் என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் தெரியாது.

அக்டோபரில் சங்குப் பருவம் திறந்தது. பெரியம்மா இப்போது படுத்துத் தூங்குவதில்லை. சுவரில் சாய்ந்து, தலையைப் பின்னால் போட்டுத் தூங்கினார். விடியும்போது தொண்டையைக் காறும் சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வரும். உச்சந்தலையை முஷ்டியால் குத்திக்கொண்டிருப்பார். கேட்டால், “தலை கனமா இருக்கு. அறிவு ஜாஸ்தி” என்பார். பொடி ஆறு பொட்டலமானது, பிறகு எட்டு. நான் குப்பைக் கூடையில் காகிதங்களை எண்ணத் தொடங்கியிருந்தேன். பூசானுக்குப் போய் வேலை தேடலாம் என்று அப்போது பையை எடுத்துவைத்திருந்தேன். பள்ளி முடிந்து எட்டு மாதமாகியும் ஊரிலேயே சுற்றிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் அந்தக் காகிதங்களை எண்ணிவிட்டுப் பையைப் பழைய இடத்திலேயே வைத்தேன்.

ஒரு நாள் கரையேறி முகமூடியைக் கழற்றியபோது கண்ணாடியின் அடியில் ரத்தம் தேங்கியிருந்தது.

“என்ன அக்கா, அங்க நின்னு இருபது வருஷமாச்சு, இங்க ஆரம்பிச்சிடுச்சா?” என்றார் கும்ஜா சித்தி.

கூடமே இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. பெரியம்மாவும் சிரித்துக்கொண்டே கண்ணாடியைக் கடல் நீரில் அலசினார். மூக்கில் ரத்தம் வருவதும் எங்கள் ஊரில் செய்தி இல்லை.

மாதக் கடைசியில் ஒரு நாள் நான் கரையில் ஸ்கூட்டரோடு காத்திருந்தேன். பெரியம்மாவின் சீழ்க்கை எனக்கு அடையாளம் தெரியும். மற்றவர்களுடையதைவிட நீளமானது, கடைசியில் சற்று உடையும். அன்று அது கேட்டது, ஆனால் தப்பான திசையிலிருந்து கேட்டது. மேலே வந்தவர், தன் மிதவை இருக்கும் பக்கம் போகாமல், வெறும் தண்ணீரைப் பார்த்து நீந்திக்கொண்டிருந்தார். கையை நீட்டினார். அங்கே ஒன்றுமில்லை. மறுபடி நீட்டினார். நீரோட்டம் அவரை முனைப் பக்கமாக இழுத்தது. கும்ஜா சித்தி குறுக்கே நீந்திப் போய், ரப்பர் உடையின் கழுத்தைப் பிடித்து, தன் மிதவையின் மேல் அவரைப் போட்டார்.

கரைக்கு வந்ததும் கும்ஜா சித்தி மெதுவாகக் கேட்டார். “எதைப் பிடிக்கப் போன?”

“என் மிதவையை.”

“அது இந்தப் பக்கம்ல இருந்துச்சு?”

“ரெண்டு தெரிஞ்சுது. ஒண்ணைப் பார்த்துப் போனேன்.” பெரியம்மா என்னையும் பார்த்தார். “ரெண்டு பேருக்கும் சொல்றேன். இது கூடத்துக்குப் போகக் கூடாது. எனக்கு அறுபதுக்கு இன்னும் பதிமூணு நாள் இருக்கு.”

கும்ஜா சித்தி தலையாட்டினார். நானும் ஆட்டினேன்.

ஆனால் கரையில் இருந்தது நாங்கள் மட்டுமல்ல. எடை போடும் இடத்தில் யோங்சிம் அத்தை பெரியம்மாவின் பையைத் தூக்கிப் பார்த்தார். பாதிதான் இருந்தது.

“ஏ மல்சுன், யாரோட மிதவையில தொத்திகிட்டு வந்த?”

“கயிறு சிக்கிக்கிச்சு அக்கா.”

“எனக்கு எழுபத்து மூணு வயசு. கயிறு சிக்குறது எப்படி இருக்கும்னு தெரியும். நாளைக்கு வராத. சீட்டு கொண்டுவா.”

“நீ என்ன கடலுக்குச் சொந்தக்காரியா?”

“ஓக்சுவைத் தூக்கிட்டு வந்த கை இது. இன்னொரு தடவை தூக்க இதுக்குத் தெம்பு இல்ல. சீட்டு.”

பெரியம்மா வீடு வரும்வரை என் முதுகுக்குப் பின்னால் திட்டிக்கொண்டே வந்தார். மறுநாள் ஊர் மருத்துவமனைக்கு நானே கூட்டிப்போனேன். இப்போது யோசித்தால் எனக்கு உறுத்துவது அங்கே நடந்ததுதான். பெரியம்மா வைத்தியம் பார்க்கப் போகவில்லை. சீட்டு வாங்கப் போனார். அதனால் டாக்டர் கேட்ட எல்லாவற்றுக்கும் சீட்டு கிடைக்கிற பதிலைச் சொன்னார். தலைவலி? இல்ல. பார்வை? கழுகாட்டம். மூக்கு? பருவம் மாறுதுல்ல, கொஞ்சம் சளி. அந்த டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்து, சளி அடைப்பு என்று எழுதி, மூக்கில் அடிக்கும் மருந்து ஒன்று கொடுத்தார். வேலை செய்யலாம் என்று சீட்டிலும் எழுதினார். நான் பெரியம்மாவின் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ‘இரண்டு மிதவை’ என்ற வார்த்தை என் வாய்வரை வந்தது. பெரியம்மா திரும்பிப் பார்த்தார். அது திரும்ப உள்ளே போய்விட்டது.

சீட்டோடு மூன்று நாள் இறங்கினார். இறங்கிய நாள் கணக்கு ஐம்பது ஆனது.

நாலாம் நாள் காலை கடற்பாசி சூப்பைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் ஊற்றினார். கிண்ணத்தில் ஒரு சொட்டுகூட விழவில்லை. மேஜையிலிருந்து வழிந்து அவர் மடியில் சுடச்சுட விழுந்தது. கத்தவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். வலது கண் என்னைப் பார்த்தது. இடது கண் மூக்கை நோக்கித் திரும்பி அங்கேயே நின்றது.

“ஹேரின், வீட்டுக்குள்ள பனி வந்திருக்கா?”

“இல்ல பெரியம்மா.”

“இந்தப் பக்கம் மட்டும் பனியா இருக்கு.”

ஸ்கூட்டரில் ஏற்றப் பயந்து கும்ஜா சித்தியைக் கூப்பிட்டேன். அவரிடம் வண்டி இல்லை. ஊரில் அந்த நேரத்துக்கு இருந்த ஒரே சிறு லாரி யோங்சிம் அத்தையுடையது. கும்ஜா சித்தி அழுதுகொண்டே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஐந்து நிமிடத்தில் லாரி வந்தது. சித்தியும் எங்களோடு ஏறினார். நகரம் போய்ச் சேர ஐம்பது நிமிடம். பாதி வழிவரை அத்தை வாய் மூடவில்லை.

“பொய்ச் சீட்டு வாங்கிட்டு வந்தியே, அதைக் கொண்டுபோய்க் கடலுக்கா காட்டப்போற? அது படிக்குமா?”

“வண்டியைப் பார்த்து ஓட்டு.”

“நீ பேசாத. உனக்கு ரெண்டு ரோடு தெரியும்.”

பெரியம்மா சிரிக்க முயன்றார். பாதியில் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். அதன் பிறகுதான் அத்தை பேச்சை நிறுத்திவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

அப்படித்தான் டாக்டர் மின்னின் அறைக்கு வந்து சேர்ந்தோம். அவர் பென்சிலால் திரையைத் தொட்டு எங்களுக்குப் புரியும்படி சொன்னார்.

“மூக்குக்குப் பின்னாடி, தலைக்கு நட்ட நடுவுல ஒரு சின்ன அறை இருக்கு. காத்து மட்டும்தான் இருக்கணும். இவங்களுக்கு அதுக்குள்ள பூஞ்சை உருண்டையா வளர்ந்து அடைச்சிருக்கு. சுத்தி சீழ். அந்த அறைச் சுவரை ஒட்டித்தான் கண் நரம்பு போகுது. வயசானவங்களுக்கு, அதுலயும் பெண்களுக்கு, இது வர்றதைப் பார்க்கறோம். பொதுவா மெதுவா வளரும். மாசக்கணக்கா, வருஷக்கணக்கா வலிச்சிருக்கும். அதான் கேக்கறேன், எத்தனை வருஷம்?”

பெரியம்மா கிடையாது என்றார். நான் தரையைப் பார்த்தேன். டாக்டர் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். நாளைக் காலையே அறுவை சிகிச்சை, மூக்கு வழியாக. மயக்க மருந்து கொடுக்க வேண்டும்.

“தினமும் சாப்பிடற மருந்து ஏதாவது?”

“ஒண்ணும் இல்ல” என்றார் பெரியம்மா.

“பொடி மட்டும்தான்” என்றார் கும்ஜா சித்தி.

சித்திக்குக் காட்டிக்கொடுக்கும் எண்ணமே இல்லை. தண்ணீர் மட்டும்தான் குடிப்பார் என்பது போலச் சொன்னார்.

“என்ன பொடி?”

“தலைவலிப் பொடிதான். எல்லாரும் போடறதுதான். அக்கா முன்னெல்லாம் நாலு போடுவா. இப்ப எட்டு.”

“ஒரு நாளைக்கா?”

“பின்ன, வருஷத்துக்கா?”

டாக்டர் பென்சிலைக் கீழே வைத்தார். “தலைவலியே கிடையாதுன்னு சொல்றீங்க. தினமும் எட்டு பொட்டலம் தலைவலிப் பொடி. எத்தனை வருஷமா?”

பெரியம்மா விரல் மடக்கினார். “மூத்தவன் பொறந்த வருஷம் ஆரம்பிச்சேன். அவனுக்கு நாப்பத்து நாலு.”

பொடியில் என்ன கலந்திருக்கிறது, ரத்தம் உறைவது எப்படி இருக்கிறது, சிறுநீரகம் தாங்குமா என்று எல்லாம் பார்க்காமல் மேஜையில் படுக்க வைக்க முடியாது என்றார் டாக்டர். அறுவை சிகிச்சை ஒரு நாள் தள்ளிப்போனது. நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். அந்த ஒரு நாளில் நான் செய்ததெல்லாம், மணிக்கு ஒரு தடவை பெரியம்மாவின் வலது கண்ணை மூடிவிட்டு, “என் கை தெரியுதா?” என்று கேட்டதுதான். காலையில் விரல்கள் தெரிந்தன. மத்தியானம் கை மட்டும் தெரிந்தது, விரல் பிரியவில்லை. சாயங்காலம், “அசையுது, ஏதோ அசையுது” என்றார். நான் வெளியே போய் நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்து, அவர் சொன்னபடியே ‘இல்லை’ என்று குறித்த மூன்று கட்டங்களையும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் நாக்கில் இருந்த பொடியின் வெள்ளையைப் பார்த்துக்கொண்டேதான் குறித்தேன்.

அறுவை சிகிச்சை இரண்டு மணி நேரம் என்றார்கள். மூன்று மணி நேரமானது. டாக்டர் வெளியே வந்து ஒரு படம் காட்டினார். நிலக்கடலை அளவில், களிமண் நிறத்தில், உதிர்ந்துபோன ஏதோ ஒன்று. “முழுசா எடுத்தாச்சு. கண் எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது. காத்திருக்கணும்.”

காத்திருப்பது சும்மா போகவில்லை. பொடியை ஒரேயடியாக நிறுத்தியதால் தலைவலி இன்னும் பெரிதாக வந்தது. அது பூஞ்சையால் வந்த வலி இல்லையாம். தினமும் பொடி போட்டுப் போட்டு, பொடி இல்லாவிட்டால் வலிக்கும்படி தலையே பழகிவிடுமாம். பெரியம்மாவுக்கு இரண்டு வலி இருந்திருக்கிறது, ஒன்றன் பின்னால் இன்னொன்று ஒளிந்துகொண்டு. பத்து நாள் அவர் பட்டதை என்னால் எழுத முடியாது. வாந்தி, வியர்வை, சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நிற்பது.

“கும்ஜா, ஒண்ணே ஒண்ணுடி. காகிதத்துல ஒட்டினதாவது குடு.”

“உன் கால்ல வேணா விழறேன் அக்கா. தரமாட்டேன்.”

“உன் பையில இருக்கா இல்லையா?”

கும்ஜா சித்தி எழுந்து போய்ப் பையைக் கழிப்பறைத் தொட்டியில் கவிழ்த்தார். அவருடைய சொந்தப் பொட்டலங்கள். பதினேழு இருந்தன.

பதினோராம் நாள் காலை பெரியம்மா படுக்கையில் உட்கார்ந்து, எதையோ தொலைத்தவர் மாதிரி தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். “இது என்னடி, ஒண்ணுமே இல்ல” என்றார். வலியில்லாத தலை எப்படி இருக்கும் என்பது அவருக்கு மறந்தே போயிருந்தது. கொஞ்ச நேரம் பயந்துபோய்த்தான் இருந்தார்.

கண் விஷயம் அப்படி இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு தினமும் கேட்பேன், ஒன்றா இரண்டா என்று. “ஒண்ணுதான்” என்பார். நம்ப முடியவில்லை. இத்தனை வருடம் இல்லை என்று சொல்லிப் பழகிய வாய் அது. இதற்கு வழி கண்டுபிடித்தவர் கும்ஜா சித்தி. வாசலுக்கு வந்ததும் வணக்கமெல்லாம் சொல்லாமல் பையிலிருந்து ஒரு ஆரஞ்சை எடுத்து வீசுவார். முதல் நாள் அது பெரியம்மாவின் தோளில் பட்டு விழுந்தது. “ஒண்ணு தெரிஞ்சா பிடிச்சிருப்ப” என்று சொல்லிவிட்டு உரித்துத் தின்றார். இரண்டு வாரம் எல்லாம் விழுந்தன. மூன்றாவது வாரம் கை ஆரஞ்சின் ஓரத்தில் பட்டது. டிசம்பர் பாதிக்கு மேல் ஒரு நாள், பெரியம்மா பிடித்தார். பிடித்த கையோடு திருப்பி எறிந்தார். கும்ஜா சித்திக்கு நெற்றியில் பட்டது.

இரட்டையாகத் தெரிவது போய்விட்டது. ஆனால் இடது கண்ணின் கீழ்ப்பாதி இன்றும் மங்கல்தான். படி இறங்கும்போது காலால் தடவிப் பார்த்து இறங்குகிறார். அது இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மாதம் முன்னால் வந்திருந்தால் என்று அவர் தொடங்கினார், பிறகு முடிக்கவில்லை.

வருடக் கடைசியில் சங்கக் கூட்டம். பெரியம்மாவுக்கு ஐம்பது நாள்தான் இருந்தது. அவர் கூடத்தின் கடைசியில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே போகச் சொல்வார்கள் என்று முடிவே செய்துவிட்டார். யோங்சிம் அத்தை எழுந்து, சுவரில் தான் ஒட்டிய காகிதத்தைத் தானே கிழித்தார்.

“டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லி வைத்தியம் பார்த்துகிட்ட நாளும் இறங்கின நாளாட்டம் கணக்குல வரும். இனிமே அப்படித்தான்.”

“அப்ப நானும் தலைவலின்னு படுத்துக்கறேன்” என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்.

“படு. டாக்டரைப் பார்த்துட்டுப் படு. சரி, யாராருக்குத் தலைவலி இருக்கு? கையைத் தூக்குங்க.”

ஒரு கையும் எழவில்லை.

“யாராரு பொடி போடறீங்க?”

எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யோங்சிம் அத்தை தன் கையை முதலில் தூக்கினார். “எனக்கு அஞ்சு. காலையில மூணு.” கும்ஜா சித்தி, “எனக்கு நாலு இருந்துச்சு. இப்ப விட்டு ஒரு மாசமாச்சு, செத்துப் பொழைச்சேன்” என்றார். அதற்குப் பிறகு கைகள் எழுந்தன. முப்பத்தொரு பேரில் இருபத்தாறு. அந்த வாரமே பதினைந்து பேரை லாரியில் இரண்டு நடையாக நகரத்துக்குக் கொண்டுபோனோம். நாலு பேருக்கு மூக்கின் உள்ளறைகளில் பழைய சீழ். ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு, தலைவலிக்குக் காரணம் அதுவாக இருக்கலாம் என்றார்கள். மற்றவர்களுக்கு என்ன என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி நாட்களும் சேர்ந்து கணக்கு அறுபதைத் தாண்டியதால், பெரியம்மா ஏப்ரலில் மறுபடி இறங்கினார். இரண்டு ஆள் ஆழத்துக்கு மேல் போகக் கூடாது என்பது டாக்டர் மின்னின் நிபந்தனை. ஆழத்துக்குப் போகிறவர்களில் முதல் வரிசையில் இருந்தவர், இப்போது எண்பது வயதுக்காரர்கள் பொறுக்கும் கரையோரப் பாறைகளில் பொறுக்குகிறார். “கிழவிங்க கூட்டத்துல சேர்த்துட்டாங்க” என்று முணுமுணுக்கிறார். தினமும் உப்பு நீரால் மூக்கைக் கழுவுகிறார், எனக்குத் தெரிய. எனக்குத் தெரியாமல் கடைப் பக்கம் போகிறாரா என்று நான் இன்னும் குப்பைக் கூடையைப் பார்க்கிறேன். அவர் தண்ணீருக்குள் போனதும் மனதுக்குள் எண்ணத் தொடங்கிவிடுகிறேன். நாற்பதுக்கு மேல் போனால் எழுந்து தண்ணீர் விளிம்புவரை போய்விடுகிறேன். சீழ்க்கை கேட்ட பிறகுதான் மூச்சு விடுகிறேன்.

இதை எழுதச் சொன்னவர் பெரியம்மா இல்லை. “என் மூக்கை ஊருக்கெல்லாம் காட்டாத” என்றுதான் சொன்னார். ஆனாலும் எழுதுகிறேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டும், நெற்றியைத் தேய்த்துக்கொண்டும், வேலையை ஒரு நாளும் விடாமல் பார்க்கிற வயதானவர்கள் கடலோரத்தில் மட்டும் இல்லை. அவர்கள் யாரும் இதைத் தாங்களாகத் தேடிப் படிக்கமாட்டார்கள். ‘எனக்கு எதுக்கு, எனக்குத் தலைவலியே கிடையாது’ என்பார்கள். அதனால் படித்த நீங்கள்தான் தயவுசெய்து இதை அவர்களிடம் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும். முழுக்கதையும் சொல்ல நேரமில்லை என்றால் கண்ணைப் பற்றிய பகுதியை மட்டுமாவது சொல்லுங்கள். கேட்டவரை இன்னொருவரிடமும் சொல்லச் சொல்லுங்கள்.